அசல், நகல், போலி: ஒரு காரை முன்வைத்து

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவனிடம்தான் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர் போன் போட்டு, 'அசலை வாங்கட்டுமா, நகலை வாங்கட்டுமா' என்று கேட்டார். நாற்பது வருஷமாக இங்கிலாந்தில் இருப்பவர். இயந்திரப் பட்டறையில் லேத் பிடித்து ஓய்வு பெற்றவர். ஏசி கோப்ரா என்கிற 1960களின் ஸ்போர்ட்ஸ் கார்மீது அவருக்கு இளம் வயதிலிருந்தே ஒரு பித்து. அசலை வாங்குவதென்றால் லண்டன் பக்கத்து வீட்டை விற்கவேண்டும். விற்றுவிட்டு ஏதாவது சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டம்மா அவரோடு பேசுவதில்லை. 'நீதான் அசல் நகல்னு பக்கம் பக்கமா எழுதினவன். சொல்லேன்டா பார்ப்போம்' என்றார்.

வாய் சும்மா இருக்குமா? 'அசல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எல்லாமே நகல்களோட நகல்தான்' என்றேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. 'சரி, இதை நீயே வந்து இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட சொல்லு' என்று வைத்துவிட்டார்.

தொண்ணூறுகளில் போத்ரியாரைப் படித்துவிட்டு இந்த வாக்கியத்தை மேடைக்கு மேடை சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது அதற்கு ஒரு பயனும் இருந்தது. புனிதமான மூலம், கலப்பற்ற தொடக்கம் என்று பேசியவர்களின் வாயை அடைக்க உதவியது. ஆனால் வீட்டை விற்கப் போகிற ஒருவருக்கு அது பதிலாகுமா? சில மாதம் இந்தக் காரின் கதையைத் தேடிப் படித்தேன். அதிலிருந்து எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கோப்ராவின் கதையை எங்கே தொடங்கினாலும் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நிற்கிறது. 1962இல் அமெரிக்கரான கேரல் ஷெல்பி, இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏசி கம்பெனியின் 'ஏஸ்' காரில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தினார், அதுதான் கோப்ரா. ஏஸ் 1953இல் வந்தது; ஜான் டோஜெய்ரோவின் வடிவமைப்பு. அதன் உடலைப் பார்த்தவர்கள் இத்தாலிய ஃபெராரி 166 பார்க்கெட்டாவின் சாயல் என்று அன்றைக்கே சொன்னார்கள். ஏஸில் பிறகு வந்த பிரிஸ்டல் எஞ்சினோ, போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு எடுத்துவரப்பட்ட பிஎம்டபிள்யூ 328இன் வடிவமைப்பிலிருந்து உருவானது. ஆக இத்தாலியச் சாயல், இங்கிலீஷ் சட்டகம், அமெரிக்க எஞ்சின்.

இதைவிட வேடிக்கை முதல் கோப்ரா. சிஎஸ்எக்ஸ் 2000 என்பது அதன் எண். கார்ப் பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது ஷெல்பியிடம் இருந்தது அந்த ஒரே வண்டி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுப்பதற்கு முன்னால் வேறு வேறு வர்ணம் அடித்துக் கொடுத்தார். படங்களைப் பார்த்தவர்கள் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வரிசையாக வந்துகொண்டிருப்பதாக நினைத்தார்கள். மூல முதல் கார் தன்னுடைய நகல்களாகத் தானே வேஷம் கட்டியது! அதே கார் 2016இல் கலிபோர்னியாவின் மான்டெரேயில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கலைப்பொருளின் 'ஒளிவட்டம்' அது ஓரிடத்தில் ஒரே ஒரு முறை இருப்பதால் வருவது என்றார். இயந்திர மறுஉற்பத்தியில் அது வாடிவிடும் என்றும், ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனையோ படம் போடலாம் என்கிறபோது 'எது அசல் பிரதி' என்று கேட்பதில் அர்த்தமில்லை என்றும் சொன்னார். கார் தொழிற்சாலைப் பண்டம். பெஞ்சமின் கணக்குப்படி அதற்கு ஒளிவட்டமே வந்திருக்கக்கூடாது. 1965இல் கோப்ராவை யாரும் 'அசல் கோப்ரா' என்று சொன்னதில்லை. அது ஒரு கார், அவ்வளவுதான். ஆயிரத்தையொட்டிய எண்ணிக்கையோடு 1967இல் உற்பத்தி நின்றது. பிறகு ஃபைபர் கிளாஸ் உடலோடு நகல்கள் வந்தன. இன்று அசலைப்போல் பல மடங்கு நகல்கள் உலகமெங்கும் ஓடுகின்றன. 'அசல்' என்கிற அடைமொழி அப்போதுதான் பிறந்தது. நகல் ஒளிவட்டத்தை அழிக்கவில்லை, அதுதான் அதை ஏற்றிவைத்தது. பெஞ்சமினை நான் இங்கே திருத்திப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது போன். இந்த முறை நண்பரின் குரலில் ஒரு கிளுகிளுப்பு. தரகர் ஒருவர் மூன்றாவதாக ஒன்றைக் காட்டியிருக்கிறார். அசலின் பாதி விலை. சேஸிஸ் எண் இருக்கிறது, பழைய பத்திரம் இருக்கிறது. உடல், எஞ்சின், அச்சு எல்லாம் 'மீட்டெடுத்தவை'. 'நீ சொன்ன மாதிரிதான்டா, அசலும் இல்ல நகலும் இல்ல' என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் வாக்கியம் தரகரின் வாயில் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

இப்படி ஒரு வழக்கு 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கே வந்தது. கார், 'ஓல்டு நம்பர் ஒன்' எனப்பட்ட பென்ட்லி. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் வென்றது. சுமார் 1 கோடி பவுண்டுக்கு விலை பேசிய பிறகு, 'இது அந்தக் காரே இல்லை' என்று வாங்குபவர் பின்வாங்கினார். அதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் கார் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றிக் கட்டப்பட்டது. 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். அதன்பின் சாலையில் ஓட்டுகிற மூடிய காராகத் திரும்பக் கட்டினார்கள். லெ மானில் ஓடிய இரும்பில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஆட்டன் அதை மறுக்கவுமில்லை. ஆனால் அந்தக் கார் எந்த நாளிலும் இல்லாமல் போய்விடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோரி இன்னொரு கார் நிற்கவுமில்லை, வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது, ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்புச் சொன்னார். விற்றவர் ஜெயித்தார்.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை யோசித்தேன். அசல்தன்மை பொருளுக்குள் இல்லை, அறுபடாத கதையாடலில் இருக்கிறது என்று ஒரு நீதிபதி சொல்கிறார். நாங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதியதை அவர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஆனால் அங்கே கதையாடல் இருந்தது! யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில் என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. 'பொருள் முக்கியமில்லை, கதை போதும்' என்பதல்ல தீர்ப்பு. கதை உண்மையாக இருக்கவேண்டும் என்பது.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு தத்துவம் உண்டு. பெரிய அளவில் மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்கலாமா என்று தீர்மானிக்க பிரிட்டிஷ் வாகனப் பதிவுத்துறை பல ஆண்டுகள் மதிப்பெண் போட்டது. சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டு தேறினால் நீ நீயே. (ரசிகர்கள் காரின் ஆன்மா என்று உருகுகிற எஞ்சினுக்கு ஒரே ஒரு மார்க்!) வயதோ அடையாளமோ சந்தேகம் என்றால் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண். பிறந்த தேதி தெரியாத குழந்தைக்கு இடுகிற முத்திரைபோல அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். விற்கப்போனால் விலை குறையும்.

கோப்ராவுக்கு வருகிறேன். 1993இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஷெல்பி, 1960களில் மிஞ்சிப்போன சட்டகங்கள் என்று சொல்லி, கலிபோர்னியா வாகனத்துறையில் 43 கார்களுக்கு 'மாற்றுப் பத்திரம்' வாங்கியிருந்தார். எழுத்துமூலம் ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும், வண்டியைக் காட்டவேண்டியதில்லை என்கிற ஓட்டை அங்கே சட்டத்தில் இருந்தது. அந்த எண்களில் தாங்கள் எதையும் தயாரிக்கவில்லை என்றது ஏசி கம்பெனி. சட்டகங்கள் 1990களின் தொடக்கத்தில் புதிதாகச் செய்யப்பட்டவை என்று ஷெல்பி பிறகு ஒப்புக்கொண்டார். கோப்ராவை உருவாக்கியவரே அவர்தான். அவர் கையால் வந்தும் அவை அசலாகவில்லை. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று எழுதினோமே, இங்கே ஆசிரியன் உயிரோடு இருந்தான், ஆனால் ஆவணத்தின் முன்னால் அவன் பேச்சு செல்லவில்லை. அதே ஷெல்பியின் நிறுவனம் பிற்பாடு, புதிது என்று சொல்லியே 'தொடர்ச்சிக் கார்கள்' விற்றது. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஜாகுவாரும் 1957 பிப்ரவரித் தீயில் அழிந்துபோன ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களுக்கு ஈடாகப் புதிதாக ஒன்பது கட்டப்போவதாக 2016இல் அறிவித்தது. விலை ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்.

நான் வந்துசேர்ந்த இடம் இதுதான். அசல், நகல் என்ற இருமையை உடைப்பதில் குறியாக இருந்த நாங்கள் மூன்றாவது சொல் ஒன்றை மறந்துபோனோம்: போலி. நகல் 'நான் நகல்' என்று சொல்கிறது. போலி சொல்லாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேறுபாடு இரும்பிலோ அலுமினியத்திலோ இல்லை, வாக்கில் இருக்கிறது. அசலே கிடையாது என்று சொல்லிவிட்டால் போலியும் கிடையாது. அதனால் லாபம் யாருக்கு?

உழைப்பு பற்றி ஒரு வார்த்தை. அசல் கோப்ராவின் அலுமினிய உடலைச் சுத்தியலாலும் உருளையாலும் தட்டி எடுத்தார்கள். யூட்டா மாநிலத்தின் கிர்க்ஹாம் நிறுவனத்து நகல்களுக்கும் அதேபோல் கையால் தட்டிய அலுமினிய உடல்தான். போலந்தில், ஒருகாலத்தில் மிக் போர்விமானங்கள் கட்டிய ஆலையில் தொடங்கிய வேலை அது. கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் விமான ஆர்டர் நின்றுபோன தகடு வேலைக்காரர்களின் கைத்திறன் தேம்ஸ் டிட்டன் தொழிலாளியின் திறனுக்குக் குறைந்ததா? இல்லை. விலையோ பலமடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் எந்தத் தொழிலாளியின் உழைப்பும் இல்லை. அசலைத் தட்டியவருக்கும் அதில் ஒரு காசு போகாது. அது கடந்தகாலத்தின்மேல் வசூலிக்கப்படும் வாடகை. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36. ஒன்று 2018இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. மறு ஆண்டே, அது கலைப்படைப்பு, அந்த வடிவத்தை மற்றவர்கள் செய்யக்கூடாது என்று இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் சொன்னது. பந்தயத்தில் அடிபடுவதற்காகத் தட்டியெடுத்த, ஒன்றுபோல் ஒன்று இல்லாத தகடுகள் அவை. கலை என்ற சொல் இங்கே வேலியாகப் பயன்படுகிறது.

இதனால் அசலே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அசலில் சுத்தியல் தழும்பு இருக்கிறது, அன்றைய பற்றவைப்பின் கோணல் இருக்கிறது, எங்கோ பந்தயத்தில் வாங்கிய அடி இருக்கிறது. அது ஒரு ஆவணம். வாங்குகிறவர் ஆவணக் காப்பாளராக இருக்கச் சம்மதிக்கவேண்டும். பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? பளபளவென்று தேய்த்து, தகட்டை மாற்றி, சாட்சியத்தையெல்லாம் அழித்துவிட்டு, பூட்டிவைக்கிறார்கள். ஓட்டினால் மதிப்புப் போய்விடுமாம். 1960களின் பிரேக்கையும் ஆரம்பக் கார்களின் குறுக்குப் பட்டைவில்லையும் நம்பி அதிவேகத்தில் போவதும் எழுபதைத் தொடுகிறவருக்கு உகந்த காரியமல்ல. நகலில் பிரேக் நவீனமானது, கல் தெறித்தால் மனசு உடையாது, உதிரி பாகம் கிடைக்கும். ஆனால் கட்டியவன் கைக்குத் தக்கபடிதான் தரம். வெல்டிங்கை அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

தரகரின் கார் விஷயத்தில் நான் சொன்னது ஒன்றே ஒன்று: 'எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் கதை இல்லைன்னு கேளு. கிளப் பதிவேட்டு ஆளைக் கூட்டிட்டுப் போய் சேஸிஸ் எண்ணைச் சுரண்டிப் பார்க்கணும்னு சொல்லு.' சொன்னாராம். இருபது வருஷத்துக்கு மேல் பத்திரத்தில் ஒன்றும் இல்லை. வர்ணத்தைச் சுரண்டவிட மாட்டேன் என்றாராம் தரகர். நண்பர் எழுந்து வந்துவிட்டார்.

வீடு விற்கப்படவில்லை. போன வசந்தத்தில் ஃபைபர் கிளாஸ் நகல் ஒன்றை வாங்கினார். ரோவர் வி8 எஞ்சின் (அது அமெரிக்கப் பியூக்கிடமிருந்து ரோவர் 1960களில் விலைக்கு வாங்கிய வடிவமைப்பு என்பதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, 'தெரியும், வை' என்றார்). கட்டியவரிடம் உதிரிகளின் காகிதம் இல்லாததால் க்யூ பதிவெண். பெட்ரோல் போட நிறுத்துகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து 'நிஜமானதா?' என்று கேட்கிறார்களாம். இவர் பின்பக்கம் கூட்டிப்போய் நம்பர் பிளேட்டைக் காட்டுகிறாராம். வீட்டம்மா ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று இறங்கிவிட்டார்.