ஊசிக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள்

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. பட்டாசு ஆலை விபத்துகளின் பெயரால் இந்த ஊர்களைத் தமிழ்நாடு தெரிந்துவைத்திருக்கிறது. முதலிப்பட்டியில் மட்டும் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்த சில நிமிடங்களில் வாட்ஸப்பில் "ரத்தம் தேவை, உடனே வரவும்" என்று தகவல் பறக்கும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவார்கள். அந்த மனசுக்கு ஈடில்லை.

ஆனால் விபத்தன்று கொடுக்கும் ரத்தம் அன்றைய நோயாளிக்குப் போய்ச் சேர்வது அரிது. எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து முடிக்கவே பல மணி நேரம் ஆகும். பெரும் தீக்காயத்தோடு வருபவருக்கு முதல் நாளில் நரம்பு வழியே ஏராளமாக ஏற்றுவது உப்புக் கரைசல் திரவங்களைத்தான். கருகிய தோலை வெட்டி நீக்கி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சைகள் தொடங்கும்போதுதான் ரத்தத் தேவை கூடுகிறது. அது வாரக்கணக்கில் நீளும். முழு ரத்தப் பை ஒன்றின் ஆயுளோ 35 நாள். அன்றைக்கு வரிசையில் நின்று கொடுத்த ஆண்கள் அடுத்த 90 நாளைக்கும், பெண்கள் 120 நாளைக்கும் மறுபடி கொடுக்க முடியாது. ஒரே நாளில் குவிந்துவிட்டு அப்புறம் வறண்டுபோகும் ரத்த வங்கியால் யாருக்கும் பயனில்லை. விபத்து நேரத்தில் உயிர் காப்பது, அதற்கு முன்பே யாரோ ஒருவர் ஒரு சாதாரண நாளில் வந்து கொடுத்து, பரிசோதனை முடிந்து குளிர்பெட்டியில் காத்திருக்கும் பைதான். அப்படிச் சாதாரண நாளில் முதல் முறையாகப் போகிறவருக்கு அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

2018-ல் நடந்ததைப் பேசியாக வேண்டும்

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ரத்ததானம் என்றாலே பலருக்கும் 2018 நினைவுக்கு வருகிறது. "ரத்தம் கொடுத்தா எய்ட்ஸ் வந்துருமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். வராது. ஒவ்வொருவருக்கும் உறை பிரிக்காத புதுப் பை, அதோடு இணைந்த புது ஊசி; முடிந்ததும் ஊசி அழிக்கப்படும். கொடுப்பவருக்கு அந்த வழியில் எந்தத் தொற்றும் வர வாய்ப்பில்லை. 2018-ல் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்.

அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், உறவினருக்காகச் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தார். அந்தப் பை டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. பிறகு வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் அந்த இளைஞருக்குத் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. தெரிந்ததும் அவரே முன்வந்து மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் 2016-ல் ரத்தம் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது என்பதும், அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதும் அப்போது வெளிவந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது; தாய்க்குக் கொடுத்த மருந்துகளின் துணையால் குழந்தைக்குத் தொற்று இல்லை. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019-ல் உத்தரவிட்டது.

அந்தப் பையில் இருந்த தொற்றைப் பரிசோதனையில் தவறவிட்டது மன்னிக்கக்கூடியது அல்ல. ஆனால் அந்த இளைஞரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. அவர் உண்மையைச் சொன்னதால்தான் அந்தத் தாய்க்கு உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கியது, குழந்தை தப்பியது. அவர் ரத்த வங்கிக்குச் சொன்ன உண்மையை, ரத்த வங்கி இரண்டு வருடம் முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ரத்ததானத்தின் பாதுகாப்பு இந்த இரு பக்க உண்மையில்தான் நிற்கிறது. கருவிகள் எவ்வளவு வந்தாலும் அது மாறாது.

கிளம்பும் முன்

வயது 18 முதல் 65 வரை. முதல் முறை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலையில் வேனைப் பிடிக்கும் அவசரத்தில் டீயோடு கிளம்பிவிடும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அப்படிப் போனால் மயக்கம் வரும். கொடுப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் இட்லியோ சாப்பாடோ சாப்பிட்டிருக்க வேண்டும். இந்தக் கந்தக பூமி வெயிலில் தண்ணீர் கூடுதலாகவே குடித்துவிட்டுப் போங்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை மட்டும் ரத்தம் கொடுத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு மிகுந்த உணவு சாப்பிட்ட கையோடு கொடுத்தால் பிளாஸ்மா வெண்மையாகக் கலங்கி வீணாகப் போகக்கூடும்.

பங்குனிப் பொங்கலுக்கோ இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கோ விரதம் இருக்கும் நாட்களில் கொடுக்க வேண்டாம். அலகு குத்தியவர்களும் பச்சை குத்தியவர்களும் அன்றிலிருந்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பலருக்கும் பயன்பட்ட ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம் என்பதே காரணம்.

இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வருபவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களும் சிவகாசி அச்சகத் தொழிலாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நெடுந்தூர வாகனம் ஓட்டுபவர்களும் கடும் உழைப்பு உழைப்பவர்களும் அடுத்த வேலைக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்கலாம். பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர்களும் செலுத்துபவர்களும் இந்த விதியைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்து அறையில் ஒரு நொடி தலை சுற்றினால் விளைவு அவரோடு நிற்காது. மறுநாள் விடுமுறை இருக்கும் நாளாகப் பார்த்துக் கொடுங்கள்.

படிவம்

போனதும் பெயரைப் பதிந்து ஒரு படிவம் தருவார்கள். கல்லூரி முகாம்களில் நண்பர்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். முழு ரத்ததானத்திலும் கவனம் தேவைப்படுவது அந்த ஒரு தாளுக்குத்தான்.

டெங்கு வந்து குணமாகி ஆறு மாதம் ஆகிவிட்டதா? மலேரியாவுக்கு மூன்று மாதம், டைபாய்டுக்கு ஒரு வருடம். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, என்ன வகை? அறுவை சிகிச்சை, நாய்க்கடி, தடுப்பூசி, தினமும் எடுக்கும் மாத்திரைகள் என்று கேள்விகள் வரும். இன்சுலின் போடுபவர்கள் கொடுக்க முடியாது. பெண்களிடம் மாதவிடாய், கர்ப்பம், பாலூட்டுதல் பற்றிக் கேட்பார்கள். பிரசவமாகி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், பால் கொடுக்கும் காலத்தில் கூடாது.

பிறகு வருவது கூச்சம் தரும் பகுதி. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறவு, போதை ஊசி. இவற்றை எல்லோரிடமும் கேட்கிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. கிருமி உடலுக்குள் வந்த புதிதில் சில வாரங்கள் எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல் இருக்கலாம். ஆய்வகம் எவ்வளவு நேர்மையாக வேலை பார்த்தாலும் அந்த இடைவெளியில் அதற்குக் கண் தெரியாது. அப்போது நோயாளியைக் காப்பது உங்கள் பதில் ஒன்றுதான்.

படிவத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். உறவுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில்தான் மனிதர்கள் அதிகம் மறைக்கிறார்கள். வெளியே சித்தப்பாவும் மாமாவும் நிற்கும்போது "நான் கொடுக்கக் கூடாது" என்று எப்படிச் சொல்வது? காரணத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இன்று எடுக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால் பேச்சு முடிந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானாக வரும் தன்னார்வலரின் ரத்தமே பாதுகாப்பானது என்று உலகம் முழுவதும் சொல்வதற்கு இதுவே காரணம். வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது உறுத்தினாலும் போன் செய்து, அந்தப் பையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லலாம்.

உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக ரத்தம் கொடுக்க வராதீர்கள். அதற்கென்று அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும்.

விரல் நுனியில் ஒரு குத்து

எடையும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துவிட்டு, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். சில இடங்களில் அந்தத் துளியை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். போதிய அடர்த்தி இருந்தால் மூழ்கும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குக் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு.

இங்கேதான் நிறையப் பெண்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மீந்ததைச் சாப்பிடும் பெண்கள் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறார்கள். "ஒனக்கே ரத்தமில்லையாம்மா" என்று யாராவது சொல்ல, முகம் வாடித் திரும்புகிறார்கள். அவமானப்பட ஒன்றுமில்லை. செலவில்லாமல் ஒரு நோய் தெரிந்துவிட்டது. அளவு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், தேவையானால் குடற்புழு மாத்திரையும் தருவார்கள். மாத்திரை போட்ட உடனே டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாத்தூரில் அந்தக் கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்ததே ரத்தசோகையால்தான். கர்ப்பமாவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிட்டால், பல பெண்களுக்கு அடுத்தவர் ரத்தம் தேவைப்படாது.

படுக்கையில் சில நிமிடங்கள்

முழங்கை மடிப்பில் பஞ்சால் துடைத்து ஊசி ஏற்றுவார்கள். சாதாரண ஊசியைவிடத் தடிமனானது; ஏறும்போது சுருக்கென்று வலிக்கும், பிறகு அடங்கிவிடும். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொல்வார்கள். உங்கள் உடம்பில் ஐந்து லிட்டர் அளவுக்கு ரத்தம் இருக்கிறது; எடுப்பது 350 மில்லி, 55 கிலோவுக்கு மேல் எடையுள்ளவரிடம் 450 வரை. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசோதனைக்காகச் சின்னக் குழாய்களிலும் கொஞ்சம் எடுப்பார்கள்.

வியர்த்தாலோ, கண் இருட்டினாலோ, வயிற்றைப் புரட்டினாலோ உடனே சொல்லுங்கள். வீரத்துக்காக அடக்கிக்கொண்டு எழுந்து நடப்பவர்தான் கீழே விழுந்து அடிபடுகிறார். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும்.

பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, தரும் ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்திரியைச் சில மணி நேரம் எடுக்க வேண்டாம். அன்றைக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடமோ பண்டல் கட்டோ தூக்கக் கூடாது. சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். சில நாளில் தானே மறையும். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் நான்கு முதல் ஆறு வாரத்தில். "ரத்தம் கொடுத்தா ஆம்பளைக்குத் தெம்பு போயிரும்" என்ற பேச்சில் ஒரு துளி உண்மையும் இல்லை.

முடிவைக் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். தேறிய ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருடம் இருக்கும்.

உங்கள் ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று அறிந்துகொள்வது உங்கள் உரிமை. படிவத்தில் "முடிவை எனக்குத் தெரிவிக்கலாம்" என்ற இடத்தில் சம்மதம் குறியுங்கள். நண்பனின் எண்ணையோ முகாம் நடத்துபவரின் எண்ணையோ எழுதாமல் சொந்த போன் எண்ணை எழுதுங்கள். சிம் மாறினால் ரத்த வங்கிக்கும் சொல்லுங்கள். "அழைத்தால்தானே பிரச்சினை" என்று சும்மா இருக்காமல், இரண்டு வாரம் கழித்து நீங்களே போய்க் கேளுங்கள். முகாம் நடத்தும் சங்கங்களும் ரசிகர் மன்றங்களும் எத்தனை யூனிட் சேர்ந்தது என்று பேனர் வைப்பதோடு, எத்தனை பேருக்கு முடிவு போய்ச் சேர்ந்தது என்றும் ரத்த வங்கியிடம் கேட்க வேண்டும்.

நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தால் தனியாகத் தவிக்காமல் உடனே போங்கள். முதல் பரிசோதனையில் தெரிவது முடிவானது அல்ல. நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் உட்காரவைத்துப் பேசி, மறுபடி பரிசோதித்துத்தான் உறுதி செய்வார். எச்.ஐ.வி. தொற்று உறுதியானாலும் அதற்கான கூட்டு மருந்து அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம், ஒழுங்காகச் சாப்பிடுபவர் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகம் கேட்க 1097, மனம் தாங்காத நேரத்தில் பேச 104. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.