உறுமி முழங்கினால் கால்கள் ஏன் சும்மா இருப்பதில்லை?

மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. நம் காஜாங் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். வெப்பமும் பெரிதாக ஏறி இறங்காது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் திறந்தவெளிக் கலைவிழா நடத்தக் கோடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பிற்பகல் மழை ஓய்ந்து தரை காய்ந்துவிட்டால், எந்த மாதத்திலும் ஒரு திடலில் மேளம் கொட்டலாம்.

கொட்டவும் செய்கிறோம். சனவரியில் பள்ளித் திடல்களிலும் குடியிருப்புகளிலும் ஒற்றுமைப் பொங்கல். அடுத்து தைப்பூசம். பிறகு ஊருக்கு ஊர் ஆலயத் திருவிழா. தீபாவளிக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தெருவே மேடையாகிவிடும். காஜாங் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலைக் கடந்து பத்துமலையிலேயே போய் இறங்கலாம். அங்கே 1892 முதல் நடந்துவரும் தைப்பூசத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை, வயது வரம்பு இல்லை. தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே செலவில்லாமல் இசையும் ஆட்டமும் பார்க்கலாம். பசித்தால் தண்ணீர்ப்பந்தலில் சாப்பாடு.

இந்தக் கூட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அதிசயம் நடக்கிறது. உறுமி மேளக் குழு முழங்கத் தொடங்கியதும், ஒருவரையொருவர் அறியாத நூறு பேரின் தலைகள் ஒரே கணத்தில் அசைகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவின் தோளில் இருக்கும் பிள்ளையும் குதிக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளாக அறிவியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்திலும் திருவிழாத் தெருவிலும் அளந்து பார்த்து வருகிறார்கள். அவர்கள் கண்டது, இலவசக் கலைவிழாக்களை நாம் பார்க்கும் பார்வையையே மாற்றக்கூடியது.

தோல் பேசும் விதம்

உறுமி இரண்டு முகம் கொண்ட, இடை சிறுத்த தோல்கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அதற்கே உரிய உறுமல் பிறக்கிறது. குச்சி முதலில் தோலைப் பற்றி இழுக்கிறது. இழுவிசை உராய்வை மிஞ்சியதும் தோல் நழுவி விடுபடுகிறது. மறுகணமே குச்சி மீண்டும் பற்றுகிறது. பற்றுவதும் நழுவுவதுமாக விரைந்து தொடரும் இந்த அதிர்வை இயற்பியலாளர்கள் நன்கு அறிவார்கள். வயலின் வில் நரம்பைப் பாட வைப்பதும் இதே முறையில்தான்.

தாளத்தை ஏன் பெரும்பாலும் கனத்த குரலுடைய கருவிகளிடம் ஒப்படைக்கிறோம்? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. உயர்ந்த சுரம் ஒன்றையும் தாழ்ந்த சுரம் ஒன்றையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, இடையிடையே ஏதாவது ஒன்றை மட்டும் இம்மியளவு முன்னதாக ஒலிக்கச் செய்தார்கள். தாழ்ந்த சுரம் தவறியபோதுதான் கேட்டவர்களின் மூளை கூடுதலாகத் துணுக்குற்றது. விரலால் தாளம் தட்டச் சொன்னபோது, விரலும் தாழ்ந்த சுரத்தின் பின்னாலேயே போனது. காலத்தை அளக்கும் வேலையில் நம் காது கனத்த ஒலியையே அதிகம் நம்புகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கேமரனும் அவர் குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உண்மையான மின்னிசைக் கச்சேரி ஒன்றில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். அவை இயங்கிய நேரத்தில் கூட்டம் சராசரியாக 11.8 விழுக்காடு அதிகமாக ஆடியது. அந்த ஒலி எப்போது வந்தது, எப்போது நின்றது என்பது ஆடியவர்களுக்குத் தெரியவே இல்லை. 2022இல் வெளியான இந்த ஆய்வு, காதுக்கு அப்பால் தோலும் உட்காதின் சமநிலை உறுப்பும்கூட இசையை வாங்கிக்கொள்ளக்கூடும் என்று சொல்கிறது. உறுமி அத்தனை தாழ்ந்த அளவில் ஒலிப்பதில்லை. ஆனால் பத்து உறுமிகள் முழங்கும் இடத்துக்கு அருகே நின்றவர் எவரும், மேளத்தை நெஞ்சால் கேட்பது என்றால் என்னவென்று அறிவார்.

பிறக்கும்போதே கொண்டுவந்தது

அசையாமல் படுத்தபடி தாளத்தைக் கேட்பவரின் மூளையைப் படம் பிடித்தால், உடலை அசைக்கத் திட்டமிடும் பகுதிகள் விழித்திருப்பது தெரிகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, அதற்காக உடலை ஆயத்தப்படுத்துகிறது. காலை அசைக்காமல் அடக்கி வைப்பதற்குத்தான் நாம் முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது.

இது பழக்கத்தால் வந்ததா? 2009இல் ஹங்கேரிய ஆய்வாளர் இஸ்த்வான் விங்க்லரும் நெதர்லாந்தின் ஹெங்கியான் ஹோனிங்கும் அவர்கள் குழுவினரும் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்கு, அவை தூங்கும்போது மேளத் தாளம் ஒன்றைக் கேட்க வைத்தார்கள். இடையில் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டபோது, குழந்தைகளின் மூளையலையில் எதையோ எதிர்பார்த்து ஏமாந்ததன் அடையாளம் பதிவானது. பேச்சுக்கு முன்பே, முகங்களை அடையாளம் காணும் பழக்கம் முற்றும் முன்பே, தாளம் அங்கே இருக்கிறது.

அதே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி 14 மாதக் குழந்தைகளை ஆராய்ந்தார். ஒருவர் குழந்தையைத் தூக்கி வைத்து இசைக்கேற்பக் குதிக்க வைப்பார். எதிரே இன்னொருவர் நின்று குதிப்பார். சில குழந்தைகளுக்கு எதிரே நின்றவரின் குதிப்பு ஒத்துப்போனது, சிலருக்கு ஒத்துப்போகவில்லை. பிறகு எதிரே நின்றவர் கைதவறியதுபோல் பொருள்களைக் கீழே போட்டார். ஒத்திசைவாகக் குதித்த குழந்தைகளே அதிகமாக உதவ முன்வந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செபஸ்தியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரிடம் செய்த சோதனையும் இதையே சொன்னது. சேர்ந்து பாடி ஆடிய பிள்ளைகள், வெறுமனே சேர்ந்து விளையாடிய பிள்ளைகளைவிட அதிகமாக ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள்.

திருவிழாவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய் ஒரு நாள் பொழுதுபோக்குக்காகப் போவதாக நினைக்கலாம். அந்தப் பிள்ளையோ முன்பின் தெரியாதவரோடு இணங்கி வாழும் பாடத்தின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

காவடியோடு நடந்தவர்கள்

இந்த ஆராய்ச்சியின் மிக முக்கியமான பக்கங்களில் ஒன்று தமிழர் திருவிழாவிலேயே எழுதப்பட்டது. மானுடவியலாளர் டிமித்ரிஸ் ஸிகலாடாஸ் மொரிஷியஸ் தீவின் தைப்பூசத்தை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார். கோயிலில் கூட்டுப் பிரார்த்தனையில் கலந்துகொண்டவர்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், காவடியோடு துணைக்கு நடந்து வந்தவர்கள் என்று மூன்று பிரிவினருக்கும், ஆய்வில் பங்கேற்றதற்காக 200 மொரிஷியஸ் ரூபாய் கொடுத்தார். அதிலிருந்து யார் பார்வையும் படாத இடத்தில், விரும்பிய தொகையைக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார். பிரார்த்தனை செய்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் மிக அதிகமாகக் கொடுத்தார்கள். துணைக்கு நடந்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் அள்ளிக் கொடுத்தார்கள். வலி உடலில் ஏறாதவர்களுக்கும் ஈகை ஊறியிருந்தது. அவர்கள் அந்த வலியை அருகிலிருந்து பார்த்தபடி நடந்து வந்திருந்தார்கள்.

ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில் கோடைவிழாவில் தீமிதி நடக்கிறது. ஸிகலாடாஸ் இடம்பெற்ற மற்றொரு குழு, தீ மிதித்தவர்கள், சுற்றி உட்கார்ந்திருந்த உறவினர்கள், வெளியூர்ப் பார்வையாளர்கள் ஆகியோரின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தது. தீ மிதித்தவரின் இதயம் ஏறி இறங்கிய விதத்திலேயே, அசையாமல் உட்கார்ந்திருந்த உறவினரின் இதயமும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரின் இதயத்தில் அந்த ஒற்றுமை இல்லை. 2011இல் வெளியான இந்த முடிவு நமக்கு ஒரு பெரிய செய்தியைச் சொல்கிறது. ஒரே இடத்தில் நின்றால் மட்டும் கூட்டம் ஒன்றாகிவிடாது. ஆடுபவர் மீது பார்ப்பவருக்கு உரிமையும் அக்கறையும் இருக்க வேண்டும்.

வட்டத்துக்குள் யார்?

ஒத்த தாளத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941இல் டெக்சஸ் படைமுகாமில் அணிவகுப்புப் பயிற்சி பெற்றவர். மணிக்கணக்கில் சேர்ந்து காலடி வைத்ததில் ஏற்பட்ட இனம்புரியாத நிறைவை அவர் மறக்கவில்லை. 1995இல் வெளியிட்ட நூலில், மனிதர்களைப் படையாகவும் கட்டுக்கோப்பான கூட்டமாகவும் மாற்றியதில் அந்த உணர்வுக்கு இருந்த பங்கை விளக்கினார். சர்வாதிகாரிகளும் அதைப் பயன்படுத்தினார்கள். தாளம் வட்டத்துக்குள் இருப்பவர்களை ஒன்றாக்குகிறது. வட்டத்துக்குள் யாரைச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஷா ஆலாமில் ஆண்டுதோறும் நடக்கும் போன் ஒதோரி விழா இதில் நல்ல முன்மாதிரி. முன்னோரை நினைத்து ஜப்பானியர் கோடையில் ஆடும் ஆட்டம் அது. 1977 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடக்கிறது. திடலின் நடுவே ஒரு மரக்கோபுரம், அதில் பெருமுரசு. சுற்றிலும் வட்டமாக ஆட்டம். அடவுகள் எளியவை, திரும்பத் திரும்ப வருபவை. இரண்டு சுற்று பார்த்தால் மூன்றாம் சுற்றில் எவரும் இறங்கி ஆடலாம். 2022 ஜூலையில் ஏறத்தாழ 50,000 பேர் கூடியதாகச் செய்திகள் வந்தன. மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் ஜப்பானியரோடு ஒரே வட்டத்தில் கைவீசி ஆடும் காட்சி இந்த நாட்டுக்கு மிகவும் தேவையான ஒன்று.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பர் இடம்பெற்ற குழு, பிரேசில் நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கூட்டாக ஆட வைத்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரே நேரத்தில் ஒரே அடவை ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் வலிமை கூடியிருந்தது. உடன் ஆடியவர்கள் மீது நெருக்கமும் கூடியிருந்தது. உடலுக்குள் சுரக்கும் எண்டார்பின்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

கட்டணமில்லாத கதவு

இங்கிலாந்தில் டெய்சி ஃபேன்கோர்ட்டும் ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் 50 வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது கச்சேரி, நாடகம், அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 31 விழுக்காடு குறைவு. வருமானம், உடல்நலம், கல்வி போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகு கிடைத்த எண் இது. கலைதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஆனால் புறக்கணிக்கக்கூடிய எண்ணும் அல்ல.

கலை உடலுக்கும் உறவுக்கும் நல்லது என்றால், அதன் வாசலில் பணப்பெட்டி வைப்பது யாரை வெளியே நிறுத்துகிறது என்று யோசிக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஐந்து சீட்டு வாங்க வேண்டும். கைக்குழந்தை அழுதால் பாதியில் எழுந்து போக வேண்டும். திறந்த திடலில் இந்தக் கவலை இல்லை. பிள்ளை அழலாம், ஓடலாம், தூங்கலாம். திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். நாற்காலியில் கட்டுண்டு கிடக்காத கால்களுக்குத்தான் தாளத்தோடு சேரும் உரிமை முழுதாகக் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இசை அரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. திறந்தவெளியில் ஒலி மூலத்திலிருந்து விலகும் தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆகவே ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்காமல் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். கைக்குழந்தைக்குக் காதுக் கவசம் மாட்டுங்கள்.

காஜாங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் விழா எடுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரமுகர்களுக்கான நாற்காலி வரிசையைக் குறைத்து, மேடைக்கு முன்னால் மக்கள் ஆட இடம் விடுங்கள். உரைகளைச் சுருக்கி, எல்லாரும் சேர்ந்து ஆடும் கோலாட்டத்துக்கோ கும்மிக்கோ அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு மலாய், சீனக் குடும்பங்களை நேரில் போய் அழையுங்கள். பெற்றோருக்குச் சொல்வது இன்னும் எளியது: அடுத்த முறை மேளச் சத்தம் கேட்டால் கைப்பேசியில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்குங்கள்.