எப்பெயரால் அழைப்பது? — இளையராஜாவின் தனியிசைத் தொகுதி

இயல், இசை, நாடகம் என மூவகைப்படுந் தமிழின் நடுவண் நிற்பது இசை. ஆயினும், நம்மனோர் இசையென்றவுடன் பாட்டையே கருதுவர். பாட்டென்றவுடன் அதன் சொற்களையே கருதுவர். திரைப்படம் தோன்றிய பின்னரோ, பாட்டென்றால் திரைப்படப் பாட்டே எனக் கொள்ளுதல் பெருவழக்காயிற்று. இத்தகைய நாட்டிலே, சொல் ஒன்றேனும் இல்லாததும், எத்திரைப்படத்தையுஞ் சாராததுமாகிய ஓர் இசைத்தொகுதியைத் திரையிசையாளர் ஒருவரே 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்?' என்பது. 'இதனை எப்பெயரால் அழைப்பது?' என நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். அதனை ஆக்கியவர் இளையராஜா.

1943இல் பண்ணைப்புரத்திற் பிறந்து, தமையனாரோடு ஊரூராய்ச் சென்று மேடைகளில் வாசித்து, பின் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் தமிழர் செவிகளைக் கவர்ந்த அவரது வரலாற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. அஃது அறியாதார் இலர். ஒன்று மாத்திரம் நோக்கற்பாலது. திரைப்படத்திற்கு இசை வகுப்போன் தன் விருப்பின்படி நடப்பவன் அல்லன். காட்சி முடியுமிடத்து அவன் இசையும் முடிதல் வேண்டும். நடிகர் வாய் திறக்குமிடத்து அது தாழ்தல் வேண்டும். பத்தாண்டுக் காலம் இவ்வாறு பிறர் கதைகளுக்கே தொண்டு பூண்ட ஒருவர், ஒரு கதையுமின்றித் தாமே பேச முற்பட்டபோது யாது பேசினார் என்பதே எம்மை இத்தொகுதியின்பால் ஈர்த்தது.

அவர் இதனை இருவர்க்கு உரிமையாக்கினர். ஒருவர் திருவையாற்றுத் தியாகராசர். மற்றவர் செருமானியராகிய யொஹான் செபாஸ்டியன் பாக். பாக் 1685இற் பிறந்து 1750இல் மறைந்தனர். தியாகராசர் பிறந்தது 1767இல். பதினேழாண்டு இடைவெளியால் இருவரும் ஒருகாலத்தவர் ஆகாது போயினர். ஆகியிருப்பினும் தம்முட் காணுதல் எங்ஙனம்? ஒருவர் செருமானிய நாட்டைப் பெரிதும் நீங்காதவர். மற்றவரோ காவிரிக் கரையைப் பெரிதும் நீங்காதவர்.

இவ்விருவரையும் ஓரிடத்து இருத்துதல் எத்துணை அரிது என்பதை உணர்ந்தாலன்றி இத்தொகுதியின் அருமை விளங்காது. அரிது என்றது மொழி, சமயம், உடை பற்றியன்று, சுரம் பற்றியே. நமது கருநாடக இசையில் ஒரு சுரம் பெரும்பாலும் அசைந்துகொண்டே நிற்பது. காந்தாரம் எனின், அது மேலுங் கீழும் உராய்ந்து, அண்டைச் சுரங்களைத் தொட்டு மீளும், அவ்வசைவே கமகம். கமகத்தை நீக்கின் பல இராகங்கள் தம் உருவையே இழக்கும். மேனாட்டிசையிலோ பல குரல்கள் ஒருங்கே வேறு வேறு சுரங்களை இசைத்து ஓர் ஒத்திசையை உண்டாக்கும். அவ்வொத்திசைக்கு ஒவ்வொரு சுரமும் நிலைபெற்று நிற்றல் இன்றியமையாதது. தூண்கள் அசையின் கூரை நில்லாதன்றோ? ஆகவே நம்மிசைக்கு உயிராவது அவ்விசைக்கு இடையூறு. அவ்விசைக்கு அடிப்படையாவது நம்மிசைக்குச் சிறை.

இவ்விடர்ப்பாட்டை நூல்களிற் கண்டு யாம் கூறுகின்றேமல்லேம். எம்மூராகிய ஆவடியில், தொழிற்சாலைகளையும் படைத்துறை நிலையங்களையும் பற்றி வந்து குடியேறிய பன்மொழி மாக்கள் வாழ்கின்றனர். அங்குள்ள ஆலயப் பாடகர் குழுவில் யானும் ஒருவன். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மேனாட்டு மெட்டமைந்த பாமாலைப் பாட்டும், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்பெறும். பாமாலையை யாம் நான்கு குரலாகப் பகுத்துப் பயின்று நிறுத்திப் பாடுவோம். சபையிலுள்ள முதியோரோ அதனையே குழைத்துக் கமகத்தோடு பாடுவர். ஆர்கன் வாசிப்போர் முகஞ் சுளிப்பர். எவர் பக்கம் நியாயம் உளது என்று எம்மால் இன்றளவும் துணிய இயலவில்லை. மற்றொன்றும் சொல்லத்தக்கது. 1711இற் பிறந்து சென்னை வேப்பேரியிற் பல்லாண்டு வாழ்ந்த பப்ரிசியு ஐயர் செருமானியப் பாட்டுக்கள் பலவற்றைத் தமிழாக்கினர். பாக் நான்கு குரலிற் செப்பஞ் செய்த கோரல் மெட்டுக்களுட் சில இன்றுந் தமிழ்ப் பாமாலையிற் பாடப்படுகின்றன. பாக்குக்கும் தமிழ்நாட்டிற்கும் உறவு 1986இல் தோன்றியதன்று.

இனி, இளையராஜா இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு எதிர்கொண்டார்? தக்க கருவியைத் தெரிந்தமையால் என்க. வயலின் ஒன்றே இரு வீட்டிலும் பிறந்த பிள்ளைபோல் வாழ்வது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினர். மேனாட்டார் நின்றும் நாற்காலியில் இருந்தும், தோளில் வைத்து வாசிப்பர்; நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பர். அவர் நான்கு நரம்புகளையும் ஒன்றனுக்கொன்று பஞ்சமமாக ஏறிச்செல்லக் கூட்டுவர். நம்மவர் சட்ஜ பஞ்சமங்களுக்கே கூட்டுவர். கைவிரல் வழுக்கிச் செல்ல இடந்தருதலின் கமகமும் அதனில் எழும். நிலைச்சுரமும் அதனில் நிற்கும். இத்தொகுதியில் முதன்மை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இரு நெறியும் கைவந்த அவர் இல்லையேல் இத்தொகுதி ஏட்டளவில் நின்றிருக்கும் என்பது எமது துணிபு. பின்னாளில் அவரே 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்னும் நால்வர் குழுவை அமைத்துக் கீர்த்தனங்களை ஒத்திசையோடு வாசித்து வருதல் இத்துணிபிற்குச் சான்றாகும்.

தொகுதியிற் பத்துப் பகுதிகள் உள. அவற்றுள் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்னும் விளையாட்டுப் பெயரிய பகுதி கருதத்தக்கது. ஃபியூக் என்பது யாது? ஒரு குரல் ஒரு சிறு கருப்பொருளைத் தனியே தொடங்கும். அது முடிந்து மேற்செல்லும்பொழுது, மற்றொரு குரல் அதே கருப்பொருளைப் பெரும்பாலும் பஞ்சம அளவில் உயர்த்தி எடுக்கும். பின் மூன்றாவது, நான்காவது. நால்வர் ஒரே பொருள் பற்றி, ஒருவர் சொல்லை ஒருவர் மறியாது உரையாடுதல் போல்வது அது. பாக் இதில் ஈடிணையற்றவர். நம் இராகச் சாயலையுடைய ஒரு கருப்பொருளை இம்முறையில் ஓட விடும்பொழுது புதுமை தோன்றுகின்றது: எக்குரலும் மற்றொன்றிற்குப் பக்கவாத்தியம் ஆவதில்லை. நம் கச்சேரியில் தலைவர் ஒருவர், பின்தொடர்வோர் பலர். இங்கோ தலைவர் இலர்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அஃதாவது 'பாக்கை என் இல்லத்திற் கண்டேன்' என்பது ஏழாம் பகுதி. பாக் 1720இல் எழுதிவைத்த தனி வயலின் பார்ட்டிட்டா மூன்றாவதன் முகப்பிசையே இதற்கு அடி. ஒரே வயலின் துணையின்றி விரைந்தோடுமாறு இயற்றப்பட்ட அதன்கீழ், இளையராஜா தம் சொந்த நரம்பிசைக் குரல்களை இழைத்தனர். பாக்கின் பண்டத்திற் கைவைத்தல் தகுமோ எனச் சிலர் வினவுவர். தகும் என்பதற்குப் பாக்கே விடை பகர்ந்துளார். 1731இல் லைப்சிக் நகர மன்றத்தார் விழாவிற்கென இயற்றிய ஒரு கந்தாத்தாவின் தொடக்கமாக, இதே முகப்பிசையை ஆர்கனுக்கும் குழுவிற்குமாக அவரே விரித்து அமைத்தனர்.

இத்தொகுதியைப் பலரும் 'ஃபியூஷன்', கலப்பிசை, என்று சுட்டுவர். அச்சொல் எமக்கு உடன்பாடன்று. பாலில் நீர் கலந்தால் இரண்டும் தெரியாது போம். இங்கு இரண்டும் தெரிகின்றன. தையல் தெரியும்படியே விடப்பட்டுள்ளது. 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே, என ஒரு பகுதிக்குப் பெயரிட்டவர் கலப்பை விரும்பினார் என்று கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? பெயரியல் பயிலும் மாணாக்கராகிய யாம், பெயரிட இயலாமையையே பெயராகக் கொண்ட இந்நூதனத்தை மெச்சாதிருத்தல் இயலாது. குறையும் ஒன்றுண்டு. ஒவ்வொரு பகுதியும் சில நிமிட அளவினதே. இராகம் விரிவதற்குப் பொழுது வேண்டும். ஆலாபனையிற் பழகிய செவி, இலை போட்டு முதற் கவளத்திலேயே எழுப்பப்பட்ட விருந்தினன்போல் ஏங்குகின்றது. திரைக்காட்சியின் அளவுகோல் அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை போலும்!

திரைப்படத்தை விட்டு விலகிய இவ்விசை, விந்தையாகத் திரைப்படத்திற்கே மீண்டது. பாலு மகேந்திரா 1988இல் தந்த 'வீடு' என்னும் படம், சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் துன்பக் கதை. பாடல்கள் இல்லாத அப்படத்தின் பின்னணியில் இத்தொகுதியின் இசையே ஒலிக்கின்றது. அதே ஆண்டில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வெளிவந்தது. 2005இல் திருவாசகமும், 2025 மார்ச்சு 8இல் இலண்டனில் 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியும் தொடர்ந்தன. பின்னவை பெரியன, எனினும் 1986இன் சிறு குழுவிற் கேட்கும் தெளிவு அவற்றிற் கிட்டுமோ என ஐயுறுகின்றோம்.

முதன்முறை கேட்கப் புகும் நண்பர், வயலினைச் சிறிதே மறந்து, அடியில் இயங்கும் செல்லோவை முதலிற் பின்தொடர்வாராக. ஏழாம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் இடைவிடாது ஒருங்கே கேட்டல் நன்று. எட்டாவதன் பெயர் மூன்று புள்ளிகளோடு தொடங்குகின்றது: '... அண்ட் வீ ஹாட் எ டாக்', அஃதாவது, 'பின்பு யாம் இருவேமும் உரையாடினேம்.'