கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி?



முன்னாளில் நம்மவர்கள் 'ரஜூலா' கப்பலேறிப் பல நாள் கடலில் கிடந்து தமிழகம் போனார்கள். 1973இல் அக்கப்பல் ஓய்ந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலின் பயணமும் 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது. இன்று விமானந்தான் வழி. அதன் தூரத்தையும் நேரத்தையும் பிள்ளைகளின் நிலப்பட நூலை வைத்தே கணக்கிடலாம்.

முதலில் தூரம். சிப்பாங் விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையிலும், கிழக்கே 101.7 பாகையிலும் இருக்கிறது. சென்னை, வடக்கே 13, கிழக்கே 80.2. ஆகவே வடக்கு நோக்கி 10 பாகை, மேற்கு நோக்கி 21.5 பாகை போக வேண்டும். விமானம் இப்படி இரண்டு தடவையாகப் போவதில்லை. நிரை வழியே நடந்து திரும்பாமல், தோட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்கே நடப்பதுபோல் அது போகிறது. 10ஐ 10ஆல் பெருக்கினால் 100, 21.5ஐ 21.5ஆல் பெருக்கினால் 462. கூட்டினால் 562. இதன் வர்க்கமூலம் 23.7. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். ஆகத் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களுக்கே இக்கணக்குப் பொருந்தும். லண்டன் போன்ற ஊருக்கு உலக உருண்டையில் நூல் பிடித்து அளப்பதே சரி.

அடுத்து நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றே கால் மணி ஆகும். ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மணி.

இனி கடிகாரம். நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தியது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்குமுன் இவ்வேறுபாடு இரண்டு மணிதான். பயணச் சீட்டில் புறப்படும் நேரம் இவ்வூர் நேரம். சேரும் நேரம் அவ்வூர் நேரம்.

இக்கணக்கு எதற்கு உதவும்? சேலத்தில் நெருங்கிய உறவினர் இறந்துவிட்டார் என்று கலும்பாங்கிலுள்ள குடும்பத்துக்குச் செய்தி வருகிறது. "காலை எட்டு மணிக்கு எடுக்கிறோம், வந்துவிடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். விமானம் இரவு 10 மணிக்கு. நான்கு மணி கூட்டினால் நமக்கு அதிகாலை 2; சென்னையில் இரவு 11.30. குடிநுழைவுச் சோதனைக்கு ஒரு மணி, காரில் ஆறு மணி, காலை 6.30க்குச் சேலம். கடிகார வேறுபாட்டை மறந்தவரோ, ஒன்பது மணியாகும் என்று சொல்லிவிடுவார். காத்திருக்க வேண்டாமென்று அங்கே எடுத்துவிடுவார்கள்; கடைசி முகம் பார்க்க முடியாமற்போகும்.

புறப்படும் கணக்கையும் மறவாதீர்கள். மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். கலும்பாங்கிலிருந்து சாலையில் இரண்டரை மணி வையுங்கள். மாலை 4.30க்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கடப்பிதழும் விசாவும் கையில் இருக்கட்டும்.