ராத்திரி முழுக்க கார் சார்ஜ் ஆகுது... அந்த பிளக் பாயின்ட் தாங்குமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எலெக்ட்ரிக் கார் வாங்கி நாலு மாசம்தான் ஆகுது. "பெட்ரோல் பங்க் பக்கமே போறதில்ல தெரியுமா?"ன்னு மாமா பெருமையா ஆரம்பிக்க, அத்தை குறுக்கே வந்தாங்க. "அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு நாளா நடுராத்திரியில மீன் வாடை வருது. இந்தத் தெருவுல எவன் அந்த நேரத்துல மீன் பொரிக்கிறான்?"

யாரும் மீன் பொரிக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, போர்டிகோவில் இருந்த பிளக்கை இழுத்தபோது, பின்னோடு சேர்ந்து சாக்கெட்டின் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. உள்ளே கரிக்கட்டை. சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மீறி சூடேறினால் இப்படித்தான் மீன் வாடை அடிக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி தூங்குற ரூம்.

"எம்சிபி போட்டிருக்கோமே, ஏன் டிரிப் ஆகல?" இதுதான் மாமா கேட்ட முதல் கேள்வி. உங்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும். இதற்கு பதில் தெரிஞ்சுக்கிட்டா, எந்த சாக்கெட் வாங்கணும் என்பதில் பாதி குழப்பம் தீர்ந்துடும்.

எம்சிபி பார்ப்பது கரன்ட்டின் அளவை மட்டும்தான். ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மேல் கரன்ட் இழுத்தாலோ அது விழும். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் பொதுவாக 3.3 கிலோவாட். அதாவது சுமார் 14 ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாமே நார்மல்! சூடு கிளம்புவது வேறொரு இடத்தில். பிளக் பின்னும் சாக்கெட்டுக்குள்ளே இருக்கும் பித்தளைப் பட்டையும் தொடும் இடம், வயரை ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கும் இடம். நாம சாதாரணமா 'லூஸ் கான்டாக்ட்'னு சொல்லிட்டுப் போற இடங்கள்.

அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்குன்னு வெச்சுக்கோங்க. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, ரெசிஸ்டன்ஸாலும் பெருக்கணும். 14 x 14 x 0.1. கிட்டத்தட்ட 20 வாட் சூடு. மொபைல் ரிப்பேர் கடையில் பார்த்திருப்பீங்களே, அந்தச் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைக் கொண்டுபோய் சாக்கெட்டுக்குள்ளே சொருகி, ராத்திரி பத்து மணியிலிருந்து காலை வரை ஆன் பண்ணி வைத்த மாதிரி.

'அதே பாயின்ட்டில் கீசர் ஓடுச்சே, ஒண்ணும் ஆகலையே?' என்று தோணலாம். கீசர் இருபது நிமிஷத்தில் ஆஃப் ஆகிவிடும். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டுத்தான் கரன்ட் எடுக்கும். சாக்கெட் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். கார் அப்படியில்லை. 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி காலியாக இருந்தால், 3.3 கிலோவாட்டில் நிரம்ப 9, 10 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஒரே கரன்ட், நிறுத்தாமல். சூட்டில் பித்தளைப் பட்டையின் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் பிடி குறையும், கறுக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். மறுநாள் ராத்திரி இன்னும் கொஞ்சம் சூடு. நாலு மாசம் ஒழுங்காக ஓடிய சாக்கெட் அஞ்சாவது மாசம் உருகுவது இப்படித்தான்.

ஸ்கூட்டர் மட்டும் வெச்சிருக்கீங்களா? கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம். பெரும்பாலான ஸ்கூட்டர்களோடு வரும் சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்குள்ளேதான். கரன்ட் கால்வாசி ஆனால், சூடு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதுக்காக ஆடிக்கிட்டிருக்கும் பழைய பாயின்ட்டில் சொருகணும்னு இல்லை.

கடையில் என்ன கேட்கணும்?

'16 ஆம்ப்ஸ் சாக்கெட்' என்று மட்டும் கேட்டால், கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டுவார்கள். முதலில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்க. அதன் மேலே ஐஎஸ் 1293 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால், லைசென்ஸ் யாருடையது, இப்போதும் செல்லுமா என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே செய்துடலாம், ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது, சின்ன பிளக், பெரிய பிளக் ரெண்டும் பொருந்தும் 6/16 காம்பினேஷன் சாக்கெட். வீட்டில் இது ரொம்ப வசதிதான். ஆனால், ரெண்டு சைஸ் பின்னையும் ஒரே பட்டை பிடிக்கணும். காருக்குத் தனியாக, பெரிய பின் மட்டும் போகும் 16 ஆம்ப்ஸ் சாக்கெட் வாங்குவது நல்லது. ஏசிக்குப் போடுவோமே, எம்சிபியோடு வரும் மெட்டல் பாக்ஸ், அது இந்த வேலைக்கு சரியான சாய்ஸ். தகடு என்பதால் உருகாது. வயரை முறுக்க உள்ளே நல்ல இடமும் இருக்கும். சாக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஒரு பெரிய பிளக்கை சொருகி இழுத்துப் பாருங்க. விறைப்பாக வரணும். புதுசிலேயே வழுக்கிக்கிட்டு வந்தால் வேண்டாம். பார்க்கிங்கில் மழைச்சாரல் அடிக்கும் என்றால், மூடி உள்ள, ஐபி 54 அல்லது அதற்கு மேல் ரேட்டிங் போட்ட பாக்ஸாகக் கேளுங்க.

'இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டுடுங்க' என்று சில எலெக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். உருண்டையாக, நீல நிறத்தில், மூடியோடு இருக்குமே, அதுதான். உண்மையிலேயே உழைக்கிற பொருள். நம்ம நாட்டில் ஆரம்பத்தில் வந்த 'பாரத் ஏசி 001' பொது சார்ஜர்களிலும் அந்த வகைதான் இருந்தது. ஆனால், உங்க சார்ஜரில் இருப்பது சாதாரண மூணு பின் பிளக் என்றால் அதில் நுழையாது. கம்பெனி கொடுத்த பிளக்கை வெட்டிவிட்டு வேறு மாட்டுவது வாரன்டிக்கும் கேடு. சில சார்ஜர்களில் சூட்டைக் கவனிக்கும் சென்சார் பிளக்குக்குள்ளேயே இருக்கும், அதுவும் போய்விடும். நடுவில் அடாப்டர் போடுவது இன்னும் மோசம். சூடேற இன்னொரு இடம், அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே பதில்தான். முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்கவிட்டு சார்ஜ் போடும் ஃப்ளாட்காரர்களை சென்னையில் நிறையவே பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கு.

சாக்கெட்டுக்குப் பின்னால்...

நல்ல சாக்கெட்டை வாங்கி, கிச்சன் லைனிலிருந்து இழுத்த பழைய வயரில் மாட்டினால் காசு வேஸ்ட். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் வரணும். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 16 ஆம்ப்ஸ் எம்சிபி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி. ஆர்சிசிபியில் 'ஏ டைப்' என்று கேட்டு வாங்குங்க. கார் சார்ஜர் ஏசியை டிசியாக மாற்றும் பொருள். கசியும் கரன்ட்டில் டிசி கலந்திருந்தால், வழக்கமான 'ஏசி டைப்' அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு 32 ஆம்ப்ஸாக மாற்றி வைக்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எர்த்திங் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு லைட் காட்டி அடம்பிடிக்கும். அதை ஏமாற்ற, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிடும் ஒரு 'டெக்னிக்' ஊரில் உலாவுது. சார்ஜ் ஏறும், உண்மைதான். ஆனால், வெளியே எங்காவது நியூட்ரல் வயர் அறுந்த நொடியில் காரின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். கார் கதவைத் திறக்கப் போவது உங்க வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம். உங்க எலெக்ட்ரீஷியன் இதைச் சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்க.

மாமா வீட்டில் இப்போது புது லைன், புது மெட்டல் பாக்ஸ். பழைய பிளக்கின் பின் கறுத்திருந்ததால், சார்ஜரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து கேபிளையும் மாற்றச் சொன்னார் அண்ணன். கருகிய பின், புது சாக்கெட்டையும் கெடுத்துவிடுமாம். சார்ஜரின் கனமான பெட்டி பிளக்கைப் பிடித்துத் தொங்காமல் இருக்க, சுவரில் ஒரு கொக்கி அடித்திருக்கிறார். காரில் சார்ஜை நிறுத்தி, சுவிட்சை அணைத்த பிறகுதான் பிளக்கில் கை வைக்கணும் என்று அத்தையிடம் ஸ்ட்ரிக்ட்டாக சொல்லிவிட்டுப் போனார். ஓடும்போது பிடுங்கினால் தீப்பொறி பறந்து பட்டையைத் தின்னும். ஒரு மாசம் கழித்து வந்து ஸ்க்ரூக்களை மறுபடியும் முறுக்கிப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயம், இதற்குப் பைசா செலவில்லை. பல கார்களில் சார்ஜிங் கரன்ட்டை ஸ்க்ரீனிலோ ஆப்பிலோ குறைக்கலாம். 14-ஐ 10 ஆக்கினால் சாக்கெட்டில் சூடு பாதியாகிவிடும். மூணு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடு, சர்க்யூட்டின் அளவில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் மின் விதி. நம்ம 16 ஆம்ப்ஸுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 12.8 வரும். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ராத்திரி 10 ஆம்ப்ஸே தாராளம்.

புதுசாகப் போட்டிருந்தாலும் சரி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, இன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல் கை வெச்சுப் பாருங்க. லேசான வெதுவெதுப்பு என்றால் பிரச்னை இல்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றாலோ, சாக்கெட்டின் ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தாலோ, மறுபடி ஆன் பண்ணாதீங்க. காலையில் எலெக்ட்ரீஷியன் வரட்டும், ஒருநாள் பஸ்ஸில் போய்க்கலாம்.