டிக்கெட்டோடு வரும் தாளை நம்பி விமானம் ஏறாதீர்கள்

"இன்சூரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கிட்டார்" என்பார்கள். எங்கே, காட்டுங்கள் என்றால் டிக்கெட்டோடு மடித்து வைத்த ஆங்கிலத் தாள் ஒன்று வெளியே வரும். பிரித்துப் படித்தால் அது சுற்றுலாப் பயணிக்கான முப்பது நாள் காப்பீடு. போகிறவரோ இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டட வேலைக்குப் போகிறார். பெட்டி தொலைந்தால் அந்தத் தாளுக்குப் பணம் உண்டு. விமானம் தாமதமானாலும் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. கூலிக்கு உடலுழைப்பு செய்யும்போது நேரும் விபத்தைச் சுற்றுலாக் காப்பீடுகள் பெரும்பாலும் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. அந்த வரி தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

நாமக்கல் மாவட்டத்து மலையில் உள்ள ஆலத்தூர் நாட்டிலும் பக்கத்து மலைநாடுகளிலும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கீழ்நாட்டு ஊர்களைவிட, அதாவது சமவெளி ஊர்களைவிட, குறைவுதான். அதனாலேயே ஆபத்து கூடுதல். போய்வந்த மூத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊரில், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் உண்டு. இங்கே ஏஜென்ட் சொல்வதுதான் சட்டம். போதாக்குறைக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த அட்டை துபாயிலோ கோலாலம்பூரிலோ செல்லாது. "அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மென்ட் பார்க்கும்" என்று நம்பி ஏறுகிறவரிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். என்று குறிப்பிட்ட பாஸ்போர்ட்தான் கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அந்தப் பாஸ்போர்ட்டில் சவூதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட, அரசு அறிவித்த நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்' என்று ஏஜென்டுகள் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் இ-மைகிரேட் இணையதளம் வழியாகப் போகும். இந்த அனுமதி வாங்கும்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு எடுத்தே தீர வேண்டும். 2003இல் தொடங்கி, 2017இல் திருத்தப்பட்ட திட்டம்.

இதற்கான கட்டணம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கிற குடும்பத்துக்கு இது ஒரு செலவே இல்லை. விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக ஊனமுற்று வேலை இழந்தாலோ 10 லட்சம் ரூபாய். மருத்துவமனைச் செலவுக்கு மொத்தம் ஒரு லட்சம், ஒருமுறை சேர்ந்தால் 50,000 வரை. உடல்தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஊர் திரும்ப விமானக் கட்டணம். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை. 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதலாளி மாறினாலும் வேலையிடம் மாறினாலும் விபத்துக் காப்பீடு தொடரும்.

இத்தனையும் சட்டத்தில் இருந்தும் பலருக்குக் கைக்கு வராமல் போவதற்குக் காரணம் விசிட் விசா. அனுமதி வாங்க நாளாகும், தாள்கள் வேண்டும், முதலாளியின் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். அதையெல்லாம் தவிர்க்க, "முதல்ல விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏற்றிவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணியாகப் போனவருக்குக் குடிபெயர்வு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாததால் இந்தக் காப்பீடும் கிடையாது. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், சட்டவிரோதமாக வேலை பார்த்தவர் என்ற குற்றமும் சேர்ந்துகொள்ளும். கம்போடியாவிலும் மியான்மரிலும் கணினி வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் தள்ளிவிட்ட கதைகளில் பலவும் சுற்றுலா விசாவில் தொடங்கியவைதான். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும், எத்தனை பேர் போய்ச் சம்பாதித்துக் காட்டினாலும் போகாதீர்கள்.

ஏஜென்டைச் சோதிக்க வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவுத் துறையில் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் வரியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். 'சப் ஏஜென்ட்' என்று ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டைச் சேகரிப்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அரசு வழியாகவே போக விரும்பினால், சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கிவருகிறது. மலையிலிருந்து சென்னை போய்வரும் செலவு, ஏமாந்து இழக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு இருக்காது.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கும் சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் நிலைமை வேறு. சிங்கப்பூர், குடிபெயர்வு அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் இல்லை. அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. 2023 ஜூலை முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு எடுத்தாக வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலையிலிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 'பெர்கேசோ' என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். தன் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று வேலையில் சேர்ந்த முதல் மாதமே கேட்க வேண்டும். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பதிவு செய்யாத முதலாளிதான் பயப்பட வேண்டும்.

மேலே சொன்ன பிரவாசி பாரதிய பீமா யோஜனா விபத்து மரணத்துக்குத்தான் பத்து லட்சம் தரும். இரவில் படுத்தவர் மாரடைப்பில் காலையில் எழவில்லை என்றால் அந்தப் பணம் வராது. வளைகுடாவின் வெயிலில் உழைக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு நேர்கிற மரணங்களில் இந்த வகை நிறைய. அமீரகத்தில் இருப்பவர்களுக்கு 2024 மார்ச்சில், துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியால் ஒரு வழி வந்தது. வருடத்துக்கு 37 திர்ஹாம் கட்டினால், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 35,000 திர்ஹாம். 72 திர்ஹாம் கட்டினால் 75,000. உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதில் சேரும். அங்கே வேலை பார்க்கும் மகனுக்கோ தம்பிக்கோ போன் செய்யும்போது, இதில் சேர்ந்திருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுவனம் வழியாகச் சேரும் திட்டம் என்பதால், மேஸ்திரியிடமாவது மேலாளரிடமாவது அவர் வாய்திறந்து கேட்டால்தான் நடக்கும்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். உறுப்பினர் கட்டணம் 200 ரூபாய். 18 முதல் 55 வயது வரை சேரலாம். உறுப்பினரான பிறகு, 395 ரூபாய்க்கு 5 லட்சம், 700 ரூபாய்க்கு 10 லட்சம் என்று விபத்துக் காப்பீடு எடுக்கலாம். தீவிர நோய்க்கான உதவியும் அதில் உண்டு. மத்திய அரசின் காப்பீடு இருந்தால் இது வேண்டாம் என்பதில்லை, இரண்டும் வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாரியம் இருப்பதை மலைக்கிராமங்களில் சொல்ல யாருமில்லை. விழாக்களுக்கு ஊர்தோறும் பதாகை கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கிராமசபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் படித்துக் காட்ட நேரமில்லை. வருடத்தில் பலமுறை கிராமசபை கூடுகிறது. ஒருமுறையாவது இதைத் தீர்மானமாகக் கேளுங்கள்.

காப்பீடு எடுத்தவர்களின் குடும்பங்களும் பணம் வாங்க முடியாமல் திண்டாடுவது பெயர்க் குழப்பத்தால்தான். மலையில் பலருக்கு ஒற்றைப் பெயர். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், குடும்ப அட்டையில் வேறொன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று. உயிரோடு இருக்கும்போது திருத்துவது சில வாரத்து வேலை. ஆள் போன பிறகு, இவரும் அவரும் ஒருவர்தான் என்று மனைவி நிரூபிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக அவர்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவருக்கு அந்த வார்த்தையின் விலை என்ன என்று சொல்கிறவருக்குத் தெரிவதில்லை.

ஆகவே கிளம்பும்முன் இவற்றை முடியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நாமினியாக மனைவியையோ அம்மாவையோ போட்டால், அவருடைய ஆதாரில் இருக்கிற எழுத்திலேயே போடுங்கள். ஏஜென்டின் ஆள் தன் வசதிக்கு எதையாவது நிரப்பிவிடுவதை அனுமதிக்காதீர்கள். மணமானவர் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009ஆம் ஆண்டின் சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதை ஊரே பார்த்திருக்கலாம், காப்பீட்டு நிறுவனம் தாளைத்தான் பார்க்கும். நாமினி பெயரில் வங்கிக் கணக்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பாலிசி, பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் நான்கிலும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒரு தொகுப்பு வையுங்கள். போனில் மட்டும் படம் வைத்திருப்பது போதாது. விபத்தில் முதலில் நொறுங்குவது அந்தப் போன்தான். பாலிசி எண் தெரியாமல் குடும்பம் தவிப்பதே இந்த விஷயத்தில் நான் அதிகம் பார்த்தது. நகல் வீட்டில் இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

புதுப்பிக்கும் தேதியை அந்த நகலின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள். இரண்டு வருடத்துக்கு எடுத்துவிட்டு, ஒப்பந்தம் நீட்டிக்க நீட்டிக்க ஐந்தாறு வருடம் அங்கேயே இருந்துவிடுகிறவர்கள் பலர். மூன்றாம் வருடம் அடிபட்டால் பழைய பாலிசிக்கு மதிப்பில்லை. இணையத்திலேயே புதுப்பிக்கலாம், அதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை.

கெட்டது நடந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். விபத்து மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்று தூதரகம் தரும் சான்றின் அடிப்படையில்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். உடன் வேலை பார்ப்பவர்களிடம் அந்தச் சான்றையும், தூதரகத்தில் பதிவு செய்த இறப்புச் சான்றையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இங்கே குடும்பத்தினர் நாமக்கல் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து, அதற்கு ஒப்புகை எண் வாங்க வேண்டும். அது அயலகத் தமிழர் நலத்துறை வழியாகத் தூதரகத்துக்குப் போகும். வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்திலும் புகார் பதியலாம், இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். உடலைக் கொண்டுவர முதலாளி மறுத்தால், தூதரகத்திடம் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு அதிலிருந்து செலவு செய்யலாம் என்பது விதி. கேட்டு எழுதினால்தான் கிடைக்கும். சம்பளப் பாக்கிக்கும் வேலையிட இழப்பீட்டுக்கும் வாரிசுச் சான்று கேட்பார்கள். அதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கே ஒரு முறையீடு எழுதி, முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கமிஷனுக்கு வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

மகள் பேறுகாலத்துக்கென்று சிங்கப்பூர் போய் மூன்று மாதம் தங்கும் அம்மாக்களுக்கு ஒரு சொல். உங்களுக்குப் பயணக் காப்பீடே சரி. ஆனால் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். தங்கும் நாள் நீண்டால், காலாவதியாகும் முன்பே நீட்டியுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்போது வெளிநாட்டில் வேலையில் இருந்தால், இன்று ராத்திரி பேசும்போது பாலிசி நகலை அனுப்பச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தால், அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793க்குப் பேசி, அவர் பெயரைப் பதிவு செய்யும் வழியைக் கேளுங்கள்.