தகரத்தில் எழும் ரயில் நிலையம்

1920-ஆம் ஆண்டு லிவர்பூல் நகரின் ஃபிராங்க் ஹார்ன்பி தகர ரயில் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், அவற்றின் பாதையோரம் வைப்பதற்கென்றே தகர நிலையங்களும் சிக்னல் கேபின்களும் வெளிவந்தன. இங்கு தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. செங்கல், சன்னல், கதவு, விளம்பரப் பலகை ஆகிய அனைத்தும், தகடு தட்டையாக இருக்கும்போதே கல்லச்சு முறையில், அதாவது எண்ணெய் மையும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டாத இயல்பைப் பயன்படுத்தும் அச்சில், வண்ணமாகப் பதிக்கப்பட்டு, அதன் பிறகே தகடு வெட்டி மடிக்கப்பட்டது என்பதே இக்கட்டடங்களின் தனிச்சிறப்பு. விளிம்பில் விடப்பட்ட சிறு காதுகள் அடுத்த சுவரின் துளைகளில் நுழைத்து வளைக்கப்பட்டதால், பற்றவைப்பு பெரும்பாலும் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலை ரயில் நிலையத்தை, விழுப்புரம்–காட்பாடி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தை நினைவூட்டும் வகையில் இவ்வாறு தகட்டை மடித்துப் பொம்மையாகச் செய்ய விரும்புவோர், ஓ கேஜ் எனப்படும் 32 மில்லிமீட்டர் பொம்மைப் பாதைக்கு ஏற்ப, உண்மை அளவை 43-இல் ஒரு பங்காகக் குறைக்கலாம். அப்போது 10 மீட்டர் சுவர் ஏறத்தாழ 23 சென்டிமீட்டராகும். காலி எண்ணெய் டின்னின் தகடே போதும். விளிம்பை உட்புறம் மடித்துவிட்டால் சுவர் விறைப்பதுடன், கையும் அறுபடாது. பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுரண்டாமல், அளவெடுத்துப் படம்பிடித்து மட்டும் நகல் செய்யுங்கள்.